குதிரை வளர்ப்பில் ஊர் பேச்சை மீறும் முடிவுகள்: எங்கே சறுக்குகிறோம்?

குதிரை வைத்திருப்பவருக்கு அறிவுரைக்குப் பஞ்சமே இருக்காது. லாடத்தைக் கழற்றினால் ஒருவர் திட்டுவார், கழற்றாமல் விட்டால் இன்னொருவர் கொடுமை என்பார். லாயத்தில் கட்டினாலும் பேச்சு, திறந்தவெளியில் விட்டாலும் பேச்சு. இதற்கெல்லாம் காது கொடுத்தால் எதையும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டுப் பலரும் தங்கள் வழியில் போகிறார்கள். வழக்கத்தை மீறுவதை நான் தவறென்று சொல்ல மாட்டேன். மீறிய பிறகு, எடுத்த முடிவைக் காப்பாற்றுவதற்காகக் குதிரை காட்டும் அறிகுறிகளைப் பார்க்க மறுப்பதுதான் தவறு. திட்டியவர் முன்னால் தோற்கக் கூடாது என்ற எண்ணம் வந்துவிட்டால் குதிரையின் நொண்டல்கூடக் கண்ணில் படாது.

ஊரை மீறி ஜெயித்தவர்களின் கதைகளை நாம் பாதிதான் கேட்கிறோம் என்பதும் ஒரு காரணம். 1956இல் ஹாரி டிலேயர் என்ற குதிரைப் பயிற்சியாளர், அமெரிக்காவில் இறைச்சிக்கூடத்துக்குப் போகவிருந்த ஓர் உழவுக் குதிரையை வாங்கினார். ஸ்னோமேன் என்று பெயர் வைத்த அந்தக் குதிரை, இரண்டே வருடத்தில், 1958இல், தாண்டல் போட்டிகளில் நாட்டின் முதன்மைப் பட்டம் வென்றது. இதைக் கேட்டுவிட்டு, மனது இரங்கி எந்தக் குதிரையை வாங்கினாலும் அது வைரமாகிவிடும் என்று நம்புகிறவர்கள் உண்டு. ஆனால் டிலேயர் சிறு வயது முதலே குதிரைகளோடு வளர்ந்தவர். ஸ்னோமேனை அவர் பக்கத்து வீட்டுக்காரருக்கு விற்றபோது, அது வேலியைத் தாண்டித் தாண்டித் திரும்பி வந்தது. அதைப் பார்த்த பிறகே அதன் திறமை புரிந்து தாண்டலுக்குப் பழக்கினார். அதாவது, முடிவைக் குதிரையிடமிருந்து எடுத்தார். அந்தப் பாதியை நாம் மறந்துவிடுகிறோம்.

லாடத்தைக் கழற்றுவது

அதிகம் திட்டு வாங்கித் தரும் முடிவு இதுதான். இதில் நானே தவறு செய்திருக்கிறேன் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வெறும் குளம்பு புதிய யோசனை இல்லை. கிறிஸ்து பிறப்பதற்கு நான்கு நூற்றாண்டுகள் முன்பு கிரேக்கரான செனோஃபோன், குதிரை வாங்கும்போது முதலில் குளம்பைப் பார், அஸ்திவாரம் சரியில்லாத வீட்டால் பயன் இல்லை என்று எழுதினார். லாயத்துக்கு வெளியே உருண்டைக் கற்களைப் பரப்பி, அதன்மேல் குதிரையை நிற்கவைத்துக் குளம்பை உரமேற்றச் சொன்னவரும் அவர்தான். அந்த உரமேற்றும் காலத்தைத்தான் நாம் தவிர்த்துவிடுகிறோம். நேற்றுவரை இரும்பின்மேல் நடந்த குதிரையை இன்று சரளைக்கல் பாதையில் ஓட்டினால், மெலிந்திருக்கும் உள்ளங்குளம்பு அடிபட்டுக் கன்றிப்போகும்.

குளம்பின் சுவர் மாதத்துக்குச் சுமார் 6 முதல் 10 மில்லிமீட்டர்தான் வளரும். முன்பக்கத்தில் மேலிருந்து தரைவரை புதுக்குளம்பு இறங்கிவர ஒன்பது மாதம் முதல் ஒரு வருடம்வரை ஆகும். எனவே ஒரு மாதத்தில் பலன் தெரியவில்லை என்று அலுத்துக்கொள்வதும் தவறு, ஒரே வாரத்தில் பழையபடி சவாரி போவதும் தவறு. வேலை குறைவான காலத்தில் கழற்றுங்கள். முதலில் மென்மையான தரை, பிறகு கெட்டித் தரை, கடைசியாகக் கல். இடைப்பட்ட காலத்தில் குளம்புக்குப் போடும் ரப்பர் காலணிகள் நன்றாகவே உதவும். லாடம் இல்லையென்றால் செலவு மிச்சம் என்று குளம்பு சீவுவதைத் தள்ளிப்போடாதீர்கள், நான்கிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை அது நடக்க வேண்டும்.

குதிரை எப்படிக் காலை வைக்கிறது என்று பக்கவாட்டில் நின்று வீடியோ எடுத்துப் பாருங்கள். சமதரையில் நடக்கும்போது குளம்பின் பின்பகுதி முதலிலோ, முழுக் குளம்பும் ஒன்றாகவோ தரையைத் தொட்டால் நல்லது. நுனி முதலில் பட்டால் பின்பகுதியில் வலி இருக்கலாம். மாதக்கணக்கில் பொறுத்தும் கால் கூசிக்கொண்டே இருந்தால், குளம்பை மட்டும் பார்க்காமல் தீவனத்தையும் பாருங்கள். சர்க்கரைச் சத்து அதிகமான புல்லும் தானியமும் குளம்புக்குள் அழற்சியை உண்டாக்கும். லேமினைடிஸ் என்று மருத்துவர்கள் சொல்லும் அந்த நோயை, 'பழகும் வலி' என்று நினைத்துக் கடத்தியவர்கள் குதிரையையே இழந்திருக்கிறார்கள்.

வாயில் இரும்பு இல்லாத கடிவாளம்

வாய்க்குள் இரும்பு இல்லை, அதனால் வலி இல்லை என்று நினைப்பதுதான் இங்கே முதல் சறுக்கல். அழுத்தம் எங்கும் போய்விடவில்லை, வாயிலிருந்து மூக்குக்கும் தாடைக்கும் பிடரிக்கும் மாறியிருக்கிறது. மூக்கெலும்பு கீழே போகப் போக மெலிந்துகொண்டே போகும். பட்டையைத் தாழ்வாகக் கட்டினால் அந்த மெல்லிய நுனியும் அதற்குக் கீழே உள்ள மென்மையான பகுதியும் நசுங்கும், மூச்சும் தடைபடும். பக்கவாட்டில் நீளக் கம்பி உள்ள வகைகள் நெம்புகோல் போல வேலை செய்கின்றன, கையில் சிறிதாக இழுப்பது மூக்கில் பல மடங்காகப் போய்ச் சேரும். முரட்டுக் கை எந்தக் கடிவாளத்திலும் முரட்டுக் கைதான்.

வேலியிட்ட இடத்தில் நிற்பது, திரும்புவது, பின்வாங்குவது மூன்றும் லேசான சைகைக்கே வருகின்றனவா என்று பல நாள் பார்த்த பிறகு வெளியே போங்கள். தலைக்கவசம் போடாமல் போவதைத் துணிச்சலான முடிவுகளில் ஒன்றாக நான் சேர்க்கவே மாட்டேன். அதில் குதிரைக்கும் லாபம் இல்லை, உங்களுக்கும் இல்லை.

புதியவர் கையில் பழக்காத குதிரை

'இரண்டு பேரும் சேர்ந்தே கற்றுக்கொள்வோம்' என்று சொல்லி இளங்குதிரையை வாங்குபவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கும். அவர்கள் பாசத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. குதிரை கற்றுக்கொள்ளும் விதம்தான் சிக்கல். அழுத்தம் எந்த நொடியில் விலகுகிறதோ, அந்த நொடியில் தான் செய்ததுதான் சரி என்று அது எடுத்துக்கொள்ளும். கயிற்றை இழுக்கும்போது குதிரை ஓர் அடி முன்னால் வைத்த உடனே கை தளர வேண்டும். அனுபவம் இல்லாதவர் கை ஒரு விநாடி தாமதமாகத் தளரும், அதற்குள் குதிரை தலையைத் தூக்கியிருக்கும். அது கற்றுக்கொண்டது தலையைத் தூக்குவதைத்தான். தினமும் இப்படி நூறு சின்னப் பாடங்கள் நடந்தால் ஆறு மாதத்தில் கையில் ஆபத்தான குதிரை இருக்கும், பழி மட்டும் குதிரையின் குணத்தின்மேல் விழும்.

ஏற்கெனவே வாங்கியாயிற்று என்றால் வெட்கப்படாமல் ஒரு பயிற்சியாளரை வைத்துக்கொள்ளுங்கள். சவாரி கற்க, வயதான, நிதானமான வேறொரு குதிரையைத் தேடுங்கள். இளங்குதிரையின் வயது பற்றியும் ஒரு சொல்: முதுகெலும்பின் வளர்ச்சித் தட்டுகள் முழுக்க மூட ஐந்து வயதுக்கு மேலும் ஆகலாம். அதற்காக அதுவரை கொட்டடியில் பூட்டி வைப்பதும் கேடுதான், ஏனென்றால் ஓடி விளையாடும் வயதில் ஓடினால்தான் எலும்பு உறுதிப்படும்.

வெளியே விடுவது, தனியே வைப்பது

குளிரில் குதிரையைப் போர்வை இல்லாமல் வெளியே விட்டால் பார்ப்பவர்களுக்கு மனது பதறும். ஆனால் அடர்ந்த குளிர்கால ரோமம் உள்ள, நல்ல உடம்புள்ள குதிரை, சுமார் மைனஸ் 15 டிகிரிவரைகூடத் தாங்கும். நார்த்தீவனம் பெருங்குடலில் நொதிக்கும்போது வரும் சூடு உள்ளேயே ஒரு அடுப்பு மாதிரி. ஆனால் மழையும் காற்றும் சேர்ந்து வந்தால் ரோமம் படிந்துபோய் இந்தக் கணக்கெல்லாம் உடையும். கூரையும் மூன்று பக்கச் சுவரும் இருந்தே ஆக வேண்டும். ரோமம் மெலிவை மறைத்துவிடும் என்பதால் விலா எலும்பைக் கையால் தடவிப் பாருங்கள். அமெரிக்க ஆய்வாளர் டான் ஹெனெக் 1983இல் வெளியிட்ட 1 முதல் 9 வரையிலான உடல்நிலை அளவுகோல் இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. 1 என்றால் எலும்பும் தோலும், 9 என்றால் மிதமிஞ்சிய கொழுப்பு, 5ஐ ஒட்டி இருந்தால் நிம்மதி.

தனியாக ஒரே ஒரு குதிரையை வைப்பதுதான் என்னால் ஏற்க முடியாத முடிவு. மந்தை விலங்கு அது. ஆழ்ந்த உறக்கத்துக்கு அது படுக்க வேண்டும், காவலுக்குத் துணை இல்லாவிட்டால் சில குதிரைகள் படுக்கவே அஞ்சும். அப்படி நாள்கணக்கில் உறங்காத குதிரை நின்றபடியே கண் செருகி முன்னங்கால் மடிந்து சரியும். முன்னங்கால் மூட்டுகளின் முன்புறம் காரணம் தெரியாத சிராய்ப்பு இருந்தால் இதையும் யோசியுங்கள். ஆடோ கழுதையோ ஒன்றுமில்லாததற்கு மேல், ஆனால் இன்னொரு குதிரைக்கு ஈடாகாது.

தீவனமும் தடுப்பூசியும்

தானியத்தை நிறுத்திப் புல்லுக்கு மாறுவதைப் பட்டினி போடுவதாகச் சிலர் சொல்வார்கள். அதிக வேலை இல்லாத குதிரைக்குப் பெரும்பாலும் அது சரியான முடிவே, உப்பும் தாதுச் சத்தும் தனியே கொடுத்தால் போதும். தவறு நடப்பது வேகத்தில். குடலின் நுண்ணுயிர்கள் புதுத் தீவனத்துக்குப் பழக 10 முதல் 14 நாள் வேண்டும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது ஒத்துக்கொள்ளாவிட்டால் உயிரைப் பறிக்கும் வயிற்றுவலியாகத்தான் அது வெளிப்படும்.

டெட்டனஸ் தடுப்பூசியை இயற்கை வழி என்ற பெயரில் விட்டுவிடாதீர்கள். அந்தக் கிருமி மண்ணிலேயே இருக்கிறது, குதிரை அதற்கு மிக எளிதில் பலியாகும் விலங்கு. குளம்பில் ஓர் ஆணி குத்தினாலே போதும்.

முடிவு எடுக்கும் முன்பு

மாற்றத்துக்கு முன்னால் குதிரை எப்படி இருந்தது என்ற பதிவு பலரிடம் இருக்காது, அதனால் பிறகு வாக்குவாதம் மட்டும்தான் மிஞ்சும். ஓய்வில் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16, உடல் வெப்பம் சுமார் 37.5 முதல் 38.5 டிகிரி. உங்கள் குதிரைக்கு இவை வழக்கமாக எவ்வளவு என்று இரண்டு வாரம் குறித்துவையுங்கள். சவாரியில் வலியைக் கண்டுபிடிக்கக் கால்நடை மருத்துவர் சூ டைசனும் அவர் குழுவினரும் 2018இல் 24 நடத்தைகளைப் பட்டியலிட்டார்கள். காதைப் பின்னால் மடக்கியே வைத்திருப்பது, வாயைத் திறந்து திறந்து மூடுவது, வாலை வீசுவது, பின்னங்கால் நுனியை இழுப்பது போன்றவை. எட்டோ அதற்கு மேலோ தெரிந்தால் வலி இருக்க வாய்ப்பு அதிகம். இதில் பலவற்றை நாம் 'அடம்' என்று பெயர் வைத்து ஒதுக்குகிறோம்.

அப்புறம், எந்த அறிகுறி வந்தால் பின்வாங்குவேன் என்பதை முதல் நாளே எழுதிவிடுங்கள். எழுதியதை, உங்களைத் திட்டிய ஆட்களில் குதிரை தெரிந்த ஒருவரிடம் கொடுத்துவையுங்கள். அவர் கண் உங்கள் கண்ணைவிடக் கறாராக இருக்கும்.

என் குதிரைக்கு லாடத்தைக் கழற்றியபோது நான் இதில் எதையும் செய்யவில்லை. மூன்றாவது வாரமே கல்பாதைக்குக் கூட்டிப்போனேன். முன்னங்கால் கூசியதை ஒரு மாதம் 'பழகிக்கொள்கிறது' என்று சொல்லிக்கொண்டிருந்தேன், ஏனென்றால் லாடம் அடிப்பவர் முன்னால் பெரிதாகப் பேசியிருந்தேன். கடைசியில் அவரிடமே போனேன். ஒரு வார்த்தை குத்திக்காட்டாமல் குளம்பைத் தூக்கிப் பார்த்தவர், உடல் எடையில் ஏறத்தாழ 60 சதவீதம் முன்னங்கால்களில்தான் விழுகிறது, அங்கே மட்டும் லாடம் போடலாம் என்றார். பின்னங்கால்கள் இன்றும் வெறும் குளம்புதான், நன்றாகவே இருக்கின்றன.