9-3 என்றால் நல்ல டீமா? கல்லூரி ஃபுட்பால் சீசனைப் படிப்பதில் நேரும் தவறுகள்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலுக்குப் புதிதாக வருகிறவர்கள் (முட்டை வடிவப் பந்தோடு முட்டி மோதும் ஆட்டம் இது, நம் கால்பந்து அல்ல) முதலில் பார்ப்பது வெற்றி தோல்விக் கணக்கை. 9-3 என்றிருந்தால் நல்ல டீம், 6-6 என்றால் சுமார் என்று அங்கேயே முடிவு கட்டிவிடுகிறார்கள். மேல்மட்டப் பிரிவான எஃப்பிஎஸ்ஸில் 130-க்கும் மேற்பட்ட அணிகள் இருக்கின்றன. ஆகஸ்ட் கடைசியிலிருந்து நவம்பர் முடிய ஓர் அணி ஆடுவதோ 12 ஆட்டம்தான். எல்லாரும் எல்லாரோடும் மோத வழியே இல்லை. ஆகவே ஒரு 9-3 இன்னொரு 9-3 ஆகாது.

முதலில் எதிரணிப் பட்டியலை எழுதிப் பாருங்கள். பன்னிரண்டு பெயருக்கும் எதிரே சொந்த மைதானமா வெளியூரா, அந்த அணி சீசன் முடிவில் எத்தனை வென்றது என்று குறியுங்கள். பெரும்பாலான பெரிய அணிகள் ஒரு கீழ்ப்பிரிவு (எஃப்சிஎஸ்) அணியைப் பணம் கொடுத்துத் தங்கள் ஊருக்கு வரவழைத்து ஆடும். சீசன் முடிந்தபின் நடக்கும் சிறப்பு ஆட்டமான பௌலுக்குத் தகுதிபெற 6 வெற்றி வேண்டும். அதில் கீழ்ப்பிரிவு வெற்றி ஒன்றைத்தான் சேர்ப்பார்கள். அதற்கு மேல் இரண்டு நோஞ்சான் அணிகளையும் வென்றிருந்தால் அந்த 9-3 உண்மையில் 6-3தான். அதற்காகக் கீழ்ப்பிரிவு அணியோடான ஆட்டத்தை எழுதிவைத்த வெற்றி என்று எண்ணுவதும் தவறு. 2007-இல் 5-ஆம் இடத்தில் இருந்த மிச்சிகனை அதன் சொந்த மைதானத்திலேயே கீழ்ப்பிரிவு அணியான அப்பலாச்சியன் ஸ்டேட் 34-32 என்று சாய்த்தது.

அடுத்தது புள்ளி வித்தியாசம். பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுசேர்க்கும் டச்டவுனுக்கு 6, அதோடு கூடுதலாக அதிகபட்சம் 2. எனவே 8 புள்ளி வரையிலான இடைவெளியை ஒரே வாய்ப்பில் எட்டிவிடலாம். இப்படி நூலிழையில் முடியும் ஆட்டங்களில் அதிர்ஷ்டத்தின் பங்கு பெரிது. கீழே விழுந்த பந்து யார் கையில் சிக்குகிறது என்பது ஏறக்குறைய காசு சுண்டுவது மாதிரி. எதிரணி எறிந்த பந்தைப் பறிப்பதில் மட்டும் கொஞ்சம் திறமை உண்டு. 2021 நெப்ராஸ்காவின் கணக்கு 3-9. ஒன்பது தோல்வியும் 9 புள்ளிக்குள். அதே அணி நார்த்வெஸ்டர்னை 56-7 என்று துவைத்தது. 2022 டிசியு (டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம்) இதற்கு நேரெதிர்: நெருக்கமான ஆட்டங்களைத் தொடர்ந்து வென்று இறுதிவரை போய், அங்கே ஜார்ஜியாவிடம் 65-7 என்று சரிந்தது, மறு வருடம் 5-7. ஆனால் ‘துரதிர்ஷ்டசாலி டீம் அடுத்த வருடம் எழுந்துவிடும்’ என்று பந்தயம் கட்டிவிடாதீர்கள். நெப்ராஸ்கா மறு வருடமும் 4-8தான். நெருக்கடியில் சொதப்புவதே சில அணிகளுக்குப் பழக்கம்.

புள்ளிவிவரத்தில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பந்தை எறிவதற்குள் குவாட்டர்பேக் (தாக்குதலை நடத்திப் பந்தை எறிகிறவர்) மடக்கப்பட்டால் அது சாக். தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் அந்த இழப்பை அணியின் எறிதல் கணக்கில் கழிப்பார்கள். கல்லூரி ஆட்டத்தில் ஓட்டக் கணக்கில் கழிப்பார்கள். ஓட்டக்காரர்கள் 30 முறை ஓடி 150 கெஜம் எடுத்தார்கள் என்று வையுங்கள். ஓட்டத்துக்கு 5 கெஜம், அருமை. குவாட்டர்பேக் 4 முறை சாக் ஆகி 30 கெஜம் போனால் தாளில் 34 ஓட்டம், 120 கெஜம், சராசரி 3.5 என்று வரும். ‘ஓடவே தெரியாத அணி’ என்று திட்டுகிறோம். ஓட்டை இருப்பதோ எறிதலுக்கான தடுப்பில். சாக்கைப் பிரித்துவிட்டுச் சராசரி போடுங்கள். ஆட்டம் சமனில் முடிந்தால் வரும் ஓவர்டைமில் எடுத்த புள்ளிகளையும் ஒதுக்குங்கள். அங்கே எதிரணியின் 25 கெஜக் கோட்டிலிருந்தே தாக்குதல் தொடங்குவதால் புள்ளி மலிவு.

தரவரிசைக்கு வருவோம். 1936 முதல் வரும் ஏபி (அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம்) பட்டியல் ஒரு பந்து வீசப்படும் முன்பே 25 அணிகளை வரிசைப்படுத்திவிடும். சாம்பியனைத் தீர்மானிக்கும் கடைசிச் சுற்றுகளான பிளேஆஃபுக்கு அது செல்லாது; அதற்கெனத் தேர்வுக் குழு இருக்கிறது, அதன் முதல் பட்டியல் நவம்பரில்தான் வரும். செப்டம்பரில் ‘12-ஆம் இடத்து அணியை வென்றோம்’ என்ற பெருமை, அந்த அணி 5-7 என்று முடிக்கும்போது காற்றில் போய்விடும்.

‘தோற்காவிட்டால் போதும்’, ‘ஒரு தோல்வி, சீசன் போச்சு’ இரண்டும் இன்று நம்பத் தக்கவை அல்ல. 2023-இல் ஃப்ளோரிடா ஸ்டேட் 12 ஆட்டத்தோடு கான்ஃபரன்ஸ் (அணிகளின் குழு) பட்டப் போட்டியையும் வென்று 13-0 என்றிருந்தது. குவாட்டர்பேக் காயம்பட்டிருந்ததால், நான்கே இடமுள்ள பிளேஆஃபில் அதைச் சேர்க்கவில்லை. 2024-இல் இடங்கள் 12 ஆயின. அந்த சீசனில் ஒஹாயோ ஸ்டேட், ஆரிகனிடம் 32-31, மிச்சிகனிடம் 13-10 என்று இரண்டு முறை தோற்றும் சாம்பியன் ஆனது. இறுதியில் அது வீழ்த்திய நாட்டர் டேமும், செப்டம்பரில் சொந்த ஊரில் நார்தர்ன் இல்லினாயிடம் 16-14 என்று தோற்ற அணிதான்.

பௌல் ஆட்டத்தை வைத்து அடுத்த சீசனைக் கணிப்பது இன்னொரு வம்பு. ஒதுக்கப்பட்ட அதே ஃப்ளோரிடா ஸ்டேட் ஆரஞ்ச் பௌலில் ஜார்ஜியாவிடம் 63-3 என்று தோற்றது. முக்கிய வீரர்கள் பலர் அன்று களத்திலேயே இல்லை. சிலர் என்எஃப்எல்லுக்காக ஒதுங்கினார்கள், சிலர் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியே வேறு கல்லூரிக்குக் கிளம்பிவிட்டார்கள். ‘பழைய ஆட்கள் எத்தனை பேர் திரும்புகிறார்கள்’ என்று எண்ணும்போது வந்து சேர்ந்தவர்களையும் எண்ண வேண்டும்; குறிப்பாகக் குவாட்டர்பேக்கும் தாக்குதல் வரிசையின் ஐந்து பேரும் யார் யார் என்று.

நன்றாக ஆடிக்கொண்டிருந்த முதலாண்டுப் பையன் அக்டோபரில் திடீரென்று பெஞ்சில் உட்கார்ந்தால் பயிற்சியாளரைத் திட்டும் முன் அவன் எத்தனை ஆட்டம் ஆடினான் என்று எண்ணுங்கள். 2018-இல் வந்த விதிப்படி 4 ஆட்டம் வரை ஆடினால் அந்த ஆண்டு, கல்லூரியில் அவன் ஆட அனுமதியுள்ள சீசன்களின் கணக்கில் சேராது. ஐந்தாவது ஆட்டத்தில் இறக்கினால் ஒரு சீசன் கழிந்துவிடும்.