இரண்டு நகர்வில் மேட்: புதிர் அமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அண்ணா நகரில் இருந்து திருமங்கலம் வரை, மதுரைப் பக்கம் செஸ் கற்கும் பிள்ளைகளில் சிலர் புதிரை விடுவிப்பதோடு நிற்பதில்லை. நோட்டில் கட்டம் போட்டு, "வெள்ளை ஆடி இரண்டு நகர்வில் மேட்" (கறுப்பு ராஜா செக்கிலிருந்து தப்ப வழியே இல்லாமல் போவதுதான் மேட்) என்று எழுதி நம்மிடம் நீட்டுகிறார்கள். இந்த ஆர்வத்தைப் பார்த்தாலே மனம் நிறைகிறது. ஆனால் நோட்டுகளைப் புரட்டினால் ஒரே மாதிரியான சில தவறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, புதிருக்கு இரண்டு விடை இருப்பது. சிறிய உதாரணம் ஒன்றைப் பலகையில் வைத்துப் பாருங்கள். வெள்ளை ராஜா எஃப்6 (எழுத்து நெடுவரிசை, எண் குறுக்கு வரிசை), வெள்ளை யானை ஏ1, கறுப்பு ராஜா எச்8. வேறு காய் கிடையாது. அமைத்தவர் நினைத்த விடை, ராஜா எஃப்7. கறுப்பு ராஜாவுக்கு எச்7 மட்டும்தான் மிச்சம். அங்கே போனதும் யானை எச்1, மேட். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் முதலில் ராஜாவை ஜி6க்கு ஆடினால்? கறுப்பு ராஜா ஜி8க்குத்தான் போக முடியும். யானை ஏ8, அதுவும் மேட். புதிர் உடைந்துவிட்டது. புதிர் அமைப்பவர்கள் இந்த வேண்டாத இரண்டாவது விடையை 'குக்' என்பார்கள்.

இதைச் சரிசெய்யச் சொன்னால் பெரும்பாலோர் உடனே ஒரு காயைக் கூட்டுவார்கள். ஏ2இல் ஒரு வெள்ளைச் சிப்பாயை வைத்தால் யானையால் ஏ8க்குப் போக முடியாது, விடை ஒன்றாகிவிடும். தப்பில்லை. ஆனால் அந்தச் சிப்பாய் தடுப்பதைத் தவிர வேறு எதுவும் செய்வதில்லை. காயைக் கூட்டாமல் யானையை மட்டும் எஃப்1க்கு மாற்றிப் பாருங்கள். ராஜா எஃப்7, எச்7, யானை எச்1 என்று பழைய விடை அப்படியே நிற்கிறது. ராஜா ஜி6க்கு வந்தால் கறுப்பு ஜி8, அப்புறம் யானை எஃப்8இல் செக் வைக்கும். பக்கத்திலேயே துணையில்லாமல் நிற்கும் அதைக் கறுப்பு ராஜா வெட்டிவிடும். முன்பு புதிரைக் கெடுத்த நகர்வு இப்போது விடுவிப்பவரை ஏமாற்றும் பொய் விடையாக மாறிவிட்டது. மெருகேற்றுவது என்றால் எனக்கு இதுதான். காயைக் கூட்டும் முன், இருக்கிற காய்களை இடம் மாற்றிப் பார்த்தே தீர வேண்டும்.

பெரிய ஆட்களுக்கும் இந்தச் சறுக்கல் உண்டு. டெல்லியில் பாதிரியாராக இருந்த லவ்டே அமைத்து 1845இல் வெளியான நான்கு நகர்வுப் புதிர், 'இந்தியன் தீம்' என்று ஒரு தனி வகைக்கே பெயர் கொடுத்தது. அதன் மூல வடிவத்திலும் வேண்டாத விடைகள் இருந்தன. அந்தக் காலத்தில் சோதிக்கக் கணினி இல்லை. இன்று நம் கையில் போனே இருக்கிறது.

ஆனால் இன்ஜினை, அதாவது நகர்வுகளைக் கணக்கிட்டுச் சொல்லும் செஸ் நிரலை, பார்க்கும் விதத்திலும் தவறு நடக்கிறது. முதல் வரியில் "இரண்டில் மேட்" என்று வந்ததும் திருப்தியாகி விட்டுவிடுகிறார்கள். இன்ஜின் தான் கண்ட ஒரு வழியைக் காட்டுகிறது, அவ்வளவுதான். லிசெஸ் போன்ற செஸ் இணையதளத்தில் காட்டும் வரிகளைக் கூட்டிவையுங்கள். இரண்டாவது வரியிலும் இரண்டில் மேட் என்று வந்தால் அந்தப் புதிரைத் திரும்பத் திருத்த வேண்டும். முதல் நகர்வு சரியாக இருந்தால், கறுப்பின் ஒவ்வொரு பதிலுக்கும் பிறகு இதே சோதனையைச் செய்யுங்கள். முக்கியமான பதில் ஒன்றுக்கு இரண்டு விதமாக மேட் வைக்க முடிந்தால் அதுவும் குறைதான்.

அடுத்தது, முதல் நகர்வே செக்காகவோ வெட்டாகவோ இருப்பது. விதி தடுக்கவில்லை. ஆனால் விடுவிக்க உட்காருபவர் முதலில் பார்ப்பதே செக்கைத்தானே? தேட எதுவும் மிஞ்சாது. அதைவிட நுட்பமான குறை ஒன்று உண்டு: முதல் நகர்வு கறுப்பு ராஜா தப்பிக்கும் கட்டத்தைப் பறிப்பது. நம் யானைப் புதிரிலும் இது இருக்கிறது, ராஜா எஃப்7க்கு வந்ததும் ஜி8 போய்விடுகிறது. மூன்று காய்ப் புதிரில் பொறுத்துக்கொள்ளலாம், போட்டிக்கு அனுப்பும் புதிரில் கூடாது. முதல் நகர்வு கறுப்பு ராஜாவுக்குப் புதிதாக ஒரு கட்டத்தைத் திறந்துவிட்டு, அப்படியும் மேட் ஆனால் அதன் சுகமே வேறு.

சரி, நிலை உண்மையான ஆட்டத்தில் வரக்கூடியதா? வெள்ளை ஆட வேண்டிய நேரத்தில் கறுப்பு ராஜா ஏற்கெனவே செக்கில் நிற்கும் படங்கள் நிறைய வருகின்றன. இன்னொன்று: இ2, ஜி2 சிப்பாய்கள் அசையாமல் நிற்கின்றன, எஃப்1இல் இருக்க வேண்டிய பிஷப் சி4இல் இருக்கிறது. அது எந்த வழியாக வெளியே வந்தது? ஒரு சிப்பாய் கடைசிக் கட்டத்துக்குப் போய் பிஷப்பாக மாறியிருந்தால்தான் நடக்கும். புதிர் அமைப்பவர்கள் அதை விரும்புவதில்லை.

காஸ்லிங், அதாவது ராஜாவும் யானையும் ஒரே நகர்வில் சேர்ந்து இடம் மாறுவது பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். ராஜாவும் யானையும் தொடக்க இடத்தில் நின்றால், முடியாது என்று நிரூபிக்கும் வரை காஸ்லிங் உண்டு என்பதே புதிர் மரபு. ஆன்பாசான் வெட்டுக்கு (இரண்டு கட்டம் தாண்டி நம் சிப்பாயின் பக்கத்தில் வந்து நின்ற சிப்பாயை, ஒரே கட்டம் வந்ததுபோல் வெட்டுவது) மரபு நேர் எதிர்: கறுப்பின் கடைசி நகர்வு அந்தச் சிப்பாயின் இரட்டை அடிதான் என்று நிரூபித்தால்தான் உண்டு. இது தெரியாததால் இ8இல் கறுப்பு ராஜாவையும் எச்8இல் யானையையும் சும்மா வைத்து, விடையையே கெடுத்துக்கொள்கிறார்கள்.

கடைசியாக ஒவ்வொரு காயையும் எடுத்துவிட்டுத் திரும்பச் சோதியுங்கள். எடுத்தும் புதிர் அப்படியே நின்றால் அந்தக் காய் வேண்டாம். படத்தின் கீழே வெள்ளைக் காய் எத்தனை, கறுப்புக் காய் எத்தனை என்று எழுதிவிடுங்கள். நகலெடுக்கும்போது ஒரு சிப்பாய் விட்டுப்போனால் அந்த எண்ணே காட்டிக்கொடுத்துவிடும்.