ரிமைண்டர் அடித்தது, வேலைதான் நடக்கவில்லை

போன மார்கழியில் ஒரு நாள் எங்கள் வீட்டில் மட்டும் கரண்ட் இல்லை. எதிர்வீட்டில் மிக்ஸி ஓடுகிற சத்தம் கேட்கிறது. அப்போதுதான் உறைத்தது, பில் கட்டவில்லை. ரீடிங் எடுத்த நாளிலிருந்து 20 நாள் அவகாசம் உண்டு. அத்தனை நாளையும் தின்றுவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

இத்தனைக்கும் போனில் ரிமைண்டர் வைத்திருந்தேன். மூன்று நாள் அடித்திருக்கிறது. மூன்று நாளும் காலை 9 மணிக்கு, நான் பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தபோது. ‘ஆபீஸ் போனதும் கட்டிடலாம்’ என்று கட்டை விரலால் தள்ளிவிட்டேன். தள்ளியதோடு திரையிலிருந்தும் போயிற்று, மனதிலிருந்தும் போயிற்று.

அந்த 9 மணியை நான் யோசித்து வைக்கவில்லை. ஐபோனின் ரிமைண்டர்ஸில் நேரம் போடாமல் தேதி மட்டும் போட்டால், நாம் செட்டிங்ஸில் மாற்றாதவரை காலை 9 மணிக்குத்தான் அறிவிப்பு வரும். நம்மில் பலர் செய்கிற முதல் தவறு இதுதான்: ஆப் தருகிற நேரத்தை அப்படியே விட்டுவிடுவது. சொன்ன நேரத்துக்குச் சத்தம் போடுவது மட்டும்தான் ஆப்பின் வேலை. அந்த நேரத்தில் நாம் எங்கே இருப்போம், கை சும்மா இருக்குமா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. இப்போது கரண்ட் பில்லுக்கு இரவு எட்டே முக்கால் வைத்திருக்கிறேன். சாப்பிட்டு முடித்து, எப்படியும் போனை நோண்டிக்கொண்டிருக்கும் நேரம் அது. நோண்டுகிற கை அப்படியே பில்லையும் கட்டிவிடுகிறது.

கடைசி நாளன்றே அடிக்கும்படி வைப்பதும் இதே வகைதான். கரண்ட் பில்லாவது இரண்டு நிமிட வேலை. வண்டி இன்ஷூரன்ஸ் முடிகிற நாளில் ரிமைண்டர் அடித்தால், அன்றைக்கு ஊரில் ஒரு சாவு விழுந்திருக்கும், அல்லது சர்வர் படுத்திருக்கும். கடைசித் தேதி காலண்டரில் தனியாக இருக்கட்டும். வேலையைச் செய்யப்போகிற நாளுக்குத்தான் ரிமைண்டர்.

அடுத்தது, ரிமைண்டரில் என்ன எழுதுகிறோம் என்பது. என் பாட்டி எதையாவது மறக்காமல் இருக்கச் சேலைத் தலைப்பில் முடிச்சு போட்டுக்கொள்வார். சாயங்காலம் அந்த முடிச்சைப் பார்த்துவிட்டு, “இது எதுக்குடா போட்டேன்?” என்று எங்களையே கேட்பார். ‘பேங்க்’ என்று ஒற்றைச் சொல்லில் ரிமைண்டர் வைப்பது அந்த முடிச்சுக்குச் சமம். பேங்கில் என்ன? பாஸ்புக் என்ட்ரியா, லாக்கரா, கேஒய்சியா? எழுதும்போது நமக்குத் தெரியும். பத்து நாள் கழித்து அதை வாசிக்கப்போகிறவர் வேறு ஆள் மாதிரிதான். ‘பேங்குக்குப் போய் கேஒய்சி கொடு, ஆதார் நகல் எடுத்துக்கொள்’ என்று முழுசாக எழுதிவிட்டால் யோசிக்க வேண்டியதில்லை.

எல்லாவற்றையும் மணி பார்த்துத்தான் நினைவுபடுத்த வேண்டும் என்றில்லை. இனிமேல் செய்ய வேண்டியதை நினைவில் வைத்திருப்பதை உளவியலில் இரண்டாகப் பிரிப்பார்கள்: நேரம் வந்ததும் செய்வது ஒன்று, ஏதோ ஒன்றைக் கண்டதும் செய்வது இன்னொன்று. பெரும்பாலும் இரண்டாவதுதான் நமக்குச் சுலபம். மளிகைக்கடை போர்டைப் பார்த்ததும் உப்பு ஞாபகம் வருகிற மாதிரி. ஐபோனில் 2011-லேயே, ஓர் இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் அடிக்கும் ரிமைண்டர் வந்துவிட்டது. ‘அம்மா வீட்டுக்குப் போனதும் குக்கர் கேஸ்கெட் அளவு பார்’ என்பதற்கெல்லாம் மணி எதற்கு? தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போடுகிறவர்கள் அதைப் பல் தேய்க்கும் பிரஷ் பக்கத்திலேயே வைத்துவிட்டால் ஆப்பே வேண்டாம்.

மாத்திரை விஷயத்தில் ஒரு பெரிய ஆபத்தும் இருக்கிறது. சத்தத்தை நிறுத்துவதற்காக ‘முடிந்தது’ என்பதை முதலில் தட்டிவிட்டு, பிறகு தண்ணீர் எடுக்கப் போகிறோம். நடுவில் காலிங் பெல். திரும்பி வந்து பார்த்தால், போட்டோமா இல்லையா என்று தெரியாது. ஆப்போ போட்டாகிவிட்டது என்கிறது. மாத்திரை தொண்டையில் இறங்கிய பிறகுதான் டிக். சந்தேகம் வந்தால் ஆப்பை நம்பாமல், கிழமை எழுதிய மாத்திரை டப்பாவின் அறையைத் திறந்து பாருங்கள். அது பொய் சொல்லாது.

எல்லாவற்றுக்கும் ரிமைண்டர் வைப்பதும் தவறுதான். தண்ணீர் குடி, நிமிர்ந்து உட்கார், நட என்று நாளுக்கு முப்பது முறை அடித்தால், முப்பத்தொன்றாவதாக வருகிற இன்ஷூரன்ஸையும் விரல் தானாகத் தள்ளிவிடும். ஆஸ்பத்திரி ஐசியுவில் ஓயாமல் ஒலிக்கும் கருவிகளால் நர்ஸ்களின் காது மரத்துப்போவதை ‘அலாரம் சோர்வு’ என்பார்கள். நாம் அதைக் காசு கொடுக்காமல் வீட்டிலேயே வரவழைத்துக்கொள்கிறோம்.

சில சமயம் தவறு நம்முடையதே அல்ல, போன் வாயை மூடிக்கொண்டிருக்கும். 2015-ல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், அசையாமல் கிடக்கும் போன் பேட்டரியை மிச்சப்படுத்த ஆப்களைத் தூங்கவைக்கிறது. சில கம்பெனி போன்கள் இதில் இன்னும் கெடுபிடி. 2022-ல் வந்த ஆண்ட்ராய்டு 13-லிருந்து, புதிதாகப் போடும் ஆப் அறிவிப்பு காட்ட நம்மிடம் அனுமதி வாங்க வேண்டும். அவசரத்தில் ‘வேண்டாம்’ என்று தட்டியிருந்தால் ஊமைதான். புது ஆப் போட்டதும், இரண்டு மணி நேரம் கழித்து அடிக்கும்படி ஒன்று வைத்து, திரையை அணைத்து, போனை மேஜைமேல் வைத்துப் பாருங்கள். அடிக்காவிட்டால் செட்டிங்ஸில் அந்த ஆப்புக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள்.

திரும்பத் திரும்ப வருகிற வேலைகளில் ஒரு சூட்சுமம் உண்டு. கூகுள் காலண்டரில் ‘மாதாமாதம் 31-ம் தேதி’ என்று வைத்தால், 31 இல்லாத மாதங்களை அது தாண்டிப் போய்விடும். ஏப்ரலில் வாடகை ஞாபகம் வராது, வீட்டுக்காரர்தான் வருவார். ‘மாதக் கடைசி’ என்று வைக்கிற வசதி இல்லாவிட்டால் 28-ஐப் போட்டுவிடுங்கள்.

நம் வீடுகளில் இதைவிடப் பெரிய சிக்கல் திதியும் அமாவாசையும். அப்பா இறந்த ஆங்கிலத் தேதியை ‘வருடாவருடம்’ என்று போனில் போட்டுவிட்டு ஒரு முறை ஏமாந்தேன். திதி அதற்கு எட்டு நாள் முன்பே போயிருந்தது. அமாவாசைக்கு அமாவாசை ஏறக்குறைய 29 அரை நாள். ‘மாதம் ஒருமுறை’ என்கிற பொத்தானுக்கு அது அடங்காது. நட்சத்திரப் பிறந்தநாளும் அப்படியே. அதனால் ஜனவரியில் மளிகைக்கடைக்காரர் தினசரி காலண்டர் கொடுத்ததும், அம்மாவோடு உட்கார்ந்து தாள் தாளாகப் புரட்டி, அந்த வருடத்து அமாவாசைகளையும் திதியையும் ஒவ்வொன்றாகப் போனில் ஏற்றிவிடுகிறேன். அரைமணி நேரம் ஆகும். அமாவாசைக்கு முதல் நாள் மாலை ஆறு மணிக்கு அடிக்கும்படி வைத்திருக்கிறேன், வாழைக்காய் வாங்கக் கடை திறந்திருக்கும் நேரம்.