மலைக் காணி உழவு: முதலில் மண்ணைக் கையில் எடுங்கள்

லேண்ட்மாஸ்டரை, அதாவது இரண்டு சக்கரக் கை ட்ராக்டரை, கிளப்புவதற்கு முன் அரையடி தோண்டி, அடிமண்ணை ஒரு பிடி எடுத்து அமுக்கிப் பாருங்கள். மேல்மண்ணை நம்ப வேண்டாம், கொஞ்சம் வெயில் பட்டாலே காய்ந்த மாதிரி காட்டும். பெருவிரலால் அழுத்தினால் உருண்டை உதிர்ந்துவிட வேண்டும். உருட்டினால் புழு மாதிரி நீண்டு வருகிறதா, அன்றைக்கு வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணி குடிப்பதுதான் லாபம்.

இலங்கை மலைநாட்டில் பண்டாரவளைப் பக்கத்து மேட்டுக் காணிச் செம்மண்ணுக்கு இந்தச் சோதனை கட்டாயம் வேண்டும். ஈரத்தோடு உழுதால் வெட்டிய முகம் சவர்க்காரம் மாதிரி மினுங்கும், காய்ந்ததும் செங்கல்தான், அப்புறம் எத்தனை தடவை ரொட்டவேட்டர் (சுழல் கலப்பை) ஓட்டினாலும் கட்டி உடையாது. இன்னொன்று, போகத்துக்குப் போகம் ரொட்டவேட்டரையே ஒரே ஆழத்தில் ஓட்டிக்கொண்டிருந்தால் அதற்குக் கீழே மண் இறுகித் தட்டாகிவிடும், கரட் போட்டால் அந்தத் தட்டில் முட்டி இரண்டு காலாகப் பிரியும். இடையில் ஒரு தடவை கொழுக் கலப்பையை இறக்கி அந்தத் தட்டை உடைத்துவிடுங்கள்.

வெலிமடை வயலில் இதற்கு நேர்மாறு. பெரும்போகத்தில் நெல், அது முடிந்து உருளைக்கிழங்கு போடுகிற வயலில், அடியில் இருக்கும் அந்த இறுக்கம்தான் நெல்லுக்குத் தண்ணீரைத் தாங்கி நிற்கிறது. அதை உடைக்காதீர்கள். முதலில் கான் வெட்டித் தண்ணீரை வடிய விடுங்கள், மேலாக உழுது பாத்தியை உயர்த்திக் கட்டுங்கள், கிழங்குக்கு வேண்டிய ஆழம் அதிலேயே கிடைத்துவிடும்.

பள்ளத்தில் இருக்கும் கறுப்புச் சதுப்பு மண் உழ லேசு, ஆனால் டயர் புதையும், இரும்புச் சக்கரம் மாட்டுங்கள். கல்லு மண்ணில் சின்ன கியரில் இரண்டு தடவையாக இறங்குங்கள். பழைய தேயிலை நிலம் என்றால் தூரைத் தோண்டி எடுக்காமல் மெசினைக் கொண்டுபோகவே கூடாது, பிளேட் வாங்கிக் கட்டுப்படியாகாது.

சரிவில் எந்த மண்ணானாலும் குறுக்காகத்தான் உழ வேண்டும், மேலிருந்து கீழே உழுதால் அந்தச் சால் வழியாகவே மழை மண்ணை அள்ளிக்கொண்டு போகும். செங்குத்தான இடத்துக்கு நாலு சக்கர ட்ராக்டர் வேண்டவே வேண்டாம், புரளும். லேண்ட்மாஸ்டரை இறக்கத்தில் கொண்டுவரும்போது திருப்புகிற கிளச்சைப் பிடிக்காதீர்கள். இடப்பக்கம் பிடித்தால் எஞ்சின் இழுத்துப் பிடிக்காத அந்தச் சக்கரம் தன்பாட்டில் உருண்டு முன்னே போகும், வண்டி வலப்பக்கம் திரும்பிவிடும். பழகியவர்களே இதில் தடுமாறுவார்கள். முதலாம் கியரில் போட்டு, கைப்பிடியைத் தள்ளியே திருப்புங்கள்.