டேப்லெட் திரை இரண்டாகப் பிரிய மறுத்தால் குறையை எங்கே தேடுவது?

சில வாரங்களுக்கு முன் என் அக்கா மகள் தன் ஆண்ட்ராய்டு டேப்லெட்டுடன் வந்தாள். "மாமா, இதுல ஸ்பிளிட் ஸ்கிரீன் கெட்டுப்போச்சு. கடையில கேட்டா ரீசெட் பண்ணணும்னு சொல்றாங்க" என்றாள். இடப்பக்கம் வகுப்புக் காணொலி, வலப்பக்கம் குறிப்பேடு என்று வைத்துப் படிக்க வேண்டும் என்பது அவள் விருப்பம். வாங்கிப் பார்த்தேன், குரோமையும் கோப்புகள் செயலியையும் அடுத்தடுத்துத் திறந்து பிரித்தபோது திரை மறுப்பின்றிப் பிரிந்தது. டேப்லெட் நன்றாகவே இருந்தது, மறுத்தது அந்த வகுப்புச் செயலிதான். எல்லாவற்றையும் அழித்து ரீசெட் செய்திருந்தாலும் அது மறுத்துக்கொண்டேதான் இருந்திருக்கும்.

ஆகவே இந்தக் கோளாறில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, மறுப்பது டேப்லெட்டா, செயலியா, அல்லது நம் விரல் தவறான இடத்தில் படுகிறதா என்பதுதான். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில் அமைந்துள்ளன. பாதைகளைச் சாம்சங் கேலக்ஸி டேப் வரிசையை வைத்துச் சொல்கிறேன். மற்ற ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகளில் பெயர்கள் சற்று மாறினாலும் முறை ஒன்றே.

படி 1: சோதனைச் செயலிகளை வைத்துப் பிரித்துப் பாருங்கள்

டேப்லெட்டைக் கிடைமட்டமாகப் பிடித்து, குரோமைத் திறந்து, பின் முகப்புக்குத் திரும்பி மை ஃபைல்ஸ் செயலியைத் திறக்கவும். இப்போது ரீசன்ட்ஸ் பொத்தானை அழுத்தவும். பொத்தான்கள் இல்லாமல் சைகை முறையில் வைத்திருப்பவர்கள் திரையின் அடிவிளிம்பிலிருந்து விரலை மேலே இழுத்து, ஒரு நொடி அப்படியே நிறுத்தி, பிறகு எடுக்க வேண்டும். நிறுத்தாமல் எடுத்தால் முகப்புத் திரைதான் வரும்.

அண்மையில் திறந்த செயலிகள் அட்டைகளாக வரிசையில் தோன்றும். புதியவர்களில் பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். ஒவ்வொரு அட்டைக்கும் மேலே அந்தச் செயலியின் சிறிய வட்டச் சின்னம் இருக்கும். தொட வேண்டியது அந்தச் சின்னத்தை, அட்டையை அல்ல. அட்டையைத் தொட்டால் செயலி முழுத்திரையில் திறந்துவிடும், "எனக்கு அந்த வசதியே வரவில்லை" என்ற முடிவுக்கு வந்துவிடுவோம். சின்னத்தைத் தொட்டதும் விரியும் பட்டியலில் 'ஓப்பன் இன் ஸ்பிளிட் ஸ்கிரீன் வியூ' என்பதைத் தேர்ந்தெடுத்து, மறுபாதிக்கு இரண்டாவது செயலியைத் தொடவும்.

இரண்டும் அருகருகே வந்துவிட்டால் டேப்லெட்டில் குறையில்லை. படி 3-க்குச் செல்லலாம். மேலும் கீழுமாக வந்தால் அது பிழையன்று, டேப்லெட் செங்குத்தாக இருக்கிறது அல்லது திரை சுழலாதபடி பூட்டப்பட்டிருக்கிறது என்று பொருள். மேலிருந்து இழுக்கும் விரைவுப் பலகையில் ஆட்டோ ரொட்டேட்டை இயக்கினால் போதும்.

படி 2: சோதனைச் செயலிகளும் பிரியவில்லை என்றால்

முதலில் ஆண்ட்ராய்டு பதிப்பைப் பாருங்கள். செட்டிங்ஸில் அபவுட் டேப்லெட், அதற்குள் சாஃப்ட்வேர் இன்ஃபர்மேஷன் என்று போனால் பதிப்பு எண் தெரியும். ஆண்ட்ராய்டில் இந்த வசதி பொதுவாக எல்லாச் சாதனங்களுக்கும் வந்தது 2016-இல் வெளியான 7.0 பதிப்பில்தான். அதற்கு முன்பே சில நிறுவனங்கள் தங்கள் சாதனங்களில் சொந்தமாகச் சேர்த்திருந்தன என்றாலும், அவற்றில் குறிப்பிட்ட சில செயலிகள் மட்டுமே பிரியும். மிகக் குறைந்த விலை டேப்லெட்டுகளில் வரும் ஆண்ட்ராய்டு கோ பதிப்பில், நினைவகம் குறைவு என்பதால் கூகுளே இந்த வசதியை நிறுத்தி வைத்திருக்கிறது. அங்கே எந்த அமைப்பை மாற்றியும் பயனில்லை.

பதிப்பு சரியாக இருந்தும் பிரியவில்லை என்றால், ஏதேனும் ஒரு செயலி திரையில் 'பின்' செய்யப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். குழந்தைகள் வேறெங்கும் போய்விடாதபடி வீட்டில் பெரியவர்கள் இதைச் செய்துவைத்து மறந்துவிடுவது உண்டு; பின் செய்த நிலையில் ரீசன்ட்ஸ் பட்டியலே திறக்காது.

பலரும் கவனிக்காத இன்னொரு காரணம் ஸ்கிரீன் ஜூம். திரையின் குறுகிய பக்கம் 600 டிபி (ஆண்ட்ராய்டு திரையை அளக்கும் அலகு) என்ற அளவையாவது எட்டினால்தான் ஆண்ட்ராய்டு அதைப் பெரிய திரையாகக் கணக்கில் கொள்ளும். எழுத்தும் சின்னங்களும் பெரிதாகத் தெரியட்டும் என்று ஜூமை உச்சத்துக்கு ஏற்றினால், 8 அங்குல அளவிலான சிறிய டேப்லெட்டுகள் அந்த எல்லைக்குக் கீழே இறங்கிவிடக்கூடும். அப்போது, 2022-இல் ஆண்ட்ராய்டு 12எல் பதிப்போடு வந்த, செயலிகளை இழுத்துப் போட்டுத் திரையைப் பிரிக்க உதவும் அடிப்பட்டையான டாஸ்க்பார் காணாமல் போகலாம். செட்டிங்ஸில் டிஸ்ப்ளே பகுதிக்குச் சென்று ஜூமை ஒரு படி குறைத்துப் பாருங்கள். எழுத்து மட்டும் பெரிதாக வேண்டுமானால் அதற்கு ஃபான்ட் சைஸ் தனியாக இருக்கிறது.

படி 3: குறிப்பிட்ட ஒரு செயலி மட்டும் மறுத்தால்

செயலியை உருவாக்குபவர், "என் திரையின் அளவை மாற்றக்கூடாது" என்று அதற்குள்ளேயே அறிவித்துவிட முடியும். ஆண்ட்ராய்டு 12-இலிருந்து பெரிய திரைகளில் இந்த அறிவிப்பைப் பொருட்படுத்தாமல் பிரிக்கவே ஆண்ட்ராய்டு முயல்கிறது. பழைய பதிப்புகளில் செயலி சொன்னதே சட்டம். சாம்சங்கில் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு ஃபீச்சர்ஸ், லேப்ஸ் என்று சென்றால் 'மல்டி விண்டோ ஃபார் ஆல் ஆப்ஸ்' என்ற விசை பெரும்பாலான பதிப்புகளில் இருக்கும். அதை இயக்கிய பின் செயலியை முழுவதுமாக மூடித் திரும்பத் திறக்க வேண்டும்.

இப்படிக் கட்டாயப்படுத்திப் பிரித்த செயலி, கைப்பேசி அளவில் ஒடுங்கி இருபுறமும் கறுப்புப் பட்டைகளோடு நின்றால் வியப்படைய வேண்டாம். அந்த அகலத்துக்கு அது வடிவமைக்கப்படவில்லை.

செயலி உருவாக்குபவர்களுக்கென மறைத்து வைக்கப்பட்டுள்ள டெவலப்பர் ஆப்ஷன்ஸ் பகுதியில் 'ஃபோர்ஸ் ஆக்டிவிட்டீஸ் டு பி ரீசைசபிள்' என்று இன்னொரு விசையும் உண்டு. புதியவர்களுக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறந்திருந்தால் சில வங்கிச் செயலிகள் இயங்க மறுக்கின்றன. ஒன்றைச் சரிசெய்யப் போய் இன்னொன்றை இழக்க நேரும். அக்கா மகளுக்கு நான் செய்துகொடுத்தது இதைவிட எளிது: அதே வகுப்பின் இணையதளத்தைக் குரோமில் திறந்து கடவுச்சொல்லை இட்டேன், குரோம் ஒரு பாதியிலும் குறிப்பேடு மறுபாதியிலும் அமர்ந்துகொண்டன.

படி 4: பிரிகிறது, ஆனால் ஒழுங்காக இயங்கவில்லை என்றால்

குறிப்பேட்டைத் தொட்டவுடன் மறுபக்கத்துக் காணொலி நின்றுபோகிறதா? ஆண்ட்ராய்டு 9 வரை, கடைசியாகத் தொட்ட செயலி மட்டுமே முழு இயக்கத்தில் இருக்கும், அருகில் உள்ளது கண்ணுக்குத் தெரிந்தாலும் இடைநிறுத்தப்பட்ட நிலையில் இருக்கும். 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10 இதை மாற்றியது. ஆகவே பழைய டேப்லெட்டில் முடிந்தால் பதிப்பைப் புதுப்பியுங்கள். முடியாவிட்டால் காணொலியைச் சிறு மிதக்கும் சாளரத்தில் ஓடவிடுங்கள். இரண்டு பக்கமும் காணொலி ஓடினால் ஒன்று நிற்பது வேறு கதை. ஒரு நேரத்தில் ஒலி ஒரு செயலிக்கே என்பது ஆண்ட்ராய்டின் பொதுவான ஏற்பாடு.

விசைப்பலகை மேலெழுந்து பாதித் திரையை மறைப்பது அடுத்த தொல்லை. சாம்சங் விசைப்பலகையின் மேற்பட்டையில் உள்ள மோட்ஸ் பகுதியில் ஃப்ளோட்டிங் என்பதைத் தேர்ந்தெடுத்தால், அது சுருங்கி, இழுத்த இடத்தில் நிற்கும். நடுக்கோட்டை இழுத்து எழுதும் பக்கத்தை அகலமாக்குவதும் உதவும்.

ஐபேட் வைத்திருப்பவர்களுக்கு

2025-இல் வந்த ஐபேட்ஓஎஸ் 26-க்கு மாறியவர்கள், திரையைப் பிரிக்க உச்சியில் இருந்த மூன்று புள்ளிகளைக் காணாமல் ஐபேட் பழுதாகிவிட்டதாக எண்ணிக்கொள்கிறார்கள். பழைய ஸ்பிளிட் வியூவின் இடத்தில் ஆப்பிள் சாளர முறையைக் கொண்டுவந்ததே காரணம். செட்டிங்ஸில் 'மல்டிடாஸ்கிங் அண்ட் ஜெஸ்சர்ஸ்' பகுதியைத் திறந்து, 'ஃபுல் ஸ்கிரீன் ஆப்ஸ்' தேர்வாகியிருந்தால் 'விண்டோட் ஆப்ஸ்' என்று மாற்றவும். பிறகு செயலியின் வலது கீழ் மூலையைப் பிடித்து இழுத்தால் அது சாளரமாகச் சுருங்கும். சாளரத்தின் மேற்பகுதியைப் பிடித்து இடது விளிம்பை நோக்கி வீசினால் இடப்பாதியில் ஒட்டிக்கொள்ளும், இரண்டாவது செயலியை அப்படியே வலப்பக்கம் வீசலாம். வீசும் வேகம் கைவராதவர்கள், சாளரத்தின் மூலையில் உள்ள மூன்று வண்ணப் பொத்தான்களில் பச்சையை அழுத்திப் பிடித்தால், பாதிப் பாதியாக அடுக்கும் வடிவங்கள் படமாகவே தோன்றும்.