தக்காளியில் வெள்ளை ஈ: வேம்பை எப்போது, எப்படித் தெளிப்பது

தக்காளிக் கொழுந்து மேல்நோக்கிச் சுருண்டு, இலை சிறுத்து, செடி வளராமல் கட்டையாக நின்றால் அது இலைச்சுருள் வைரஸ். அந்தச் செடியைக் காப்பாற்ற மருந்தே கிடையாது. பிடுங்கிப் பையில் போட்டுக் கட்டி, வயலுக்கு வெளியே கொண்டுபோய் அழிக்க வேண்டியதுதான். இந்த வைரஸைச் செடிக்குச் செடி கடத்துவது வெள்ளை ஈ. இலை சுருண்ட பிறகு வேப்பெண்ணெயைத் தேடுகிறவர்களுக்கு அது கைகொடுக்காது. நாற்றங்காலிலும், நட்ட முதல் 45 நாளிலும்தான் வேம்புக்கு வேலை இருக்கிறது.

பறக்கிற ஈ வேம்பு பட்டவுடன் செத்து விழாது. சாறு உறிஞ்சுவதும் முட்டையிடுவதும் குறையும். இலைக்கு அடியில் ஒட்டிக் கிடக்கும் குஞ்சுகள் தோலுரிக்க முடியாமல் சாகும். வெயில் காலத்தில் முட்டையிலிருந்து ஈயாக ஏறக்குறைய 3 வாரம் ஆகிறது. அதனால் ஒரு தெளிப்பு போதாது. 7 முதல் 10 நாள் இடைவெளியில் மூன்று முறையாவது அடிக்க வேண்டும். அடித்த மறுநாள் ஈ பறப்பதைப் பார்த்துவிட்டுப் பைரித்ராய்டு வகை ரசாயனப் பூச்சிமருந்துக்குப் போகாதீர்கள். வெள்ளை ஈயைத் தின்னும் பொறிவண்டையும், அதன் குஞ்சுக்குள் வளர்ந்து அதைக் கொல்லும் ஒட்டுண்ணிக் குளவியையும் அது கொன்றுவிடும். அப்புறம் வெள்ளை ஈ முன்னைவிட அதிகமாகப் பெருகும்.

வேப்பங்கொட்டைக் கரைசல் ஏக்கருக்கு 200 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் 10 கிலோ பருப்பு தேவை (10 லிட்டர் டேங்குக்கு 500 கிராம்). ஓட்டோடு இருக்கும் கொட்டை என்றால் இரண்டு மடங்குக்குக் குறையாமல் எடுங்கள். சதை நீக்கி நிழலில் காயவைத்து, சாக்கில் வைத்திருந்த, 3 மாதத்துக்கு மேல் 8 மாதத்துக்குள் ஆன கொட்டையே நல்லது. உடைத்துப் பாருங்கள்: பருப்பு பச்சை கலந்து இருக்க வேண்டும். கறுத்துப் பூஞ்சை பிடித்திருந்தால் தூக்கிப் போடுங்கள். வெயிலில் காயவைத்த கொட்டையில் வீரியம் போயிருக்கும்.

பருப்பை இடித்துத் தூளாக்கி, துணியில் தளர்வாகக் கட்டி, 20 லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவையுங்கள். காலையில் மூட்டையை நன்றாகப் பிழிந்து, சக்கையில் திரும்பத் தண்ணீர் விட்டு இரண்டு மூன்று தடவை பிழியுங்கள். பால் போல வந்த சாற்றை மெல்லிய துணியில் வடிகட்டி 200 லிட்டராக்கி, தண்ணீரில் கரைத்த காதி சோப்பு 200 கிராம் சேர்க்க வேண்டும். வடிகட்டலில் சோம்பல்பட்டால் நாசில் அடைத்துக்கொள்ளும். கரைத்ததை அன்றே அடித்து முடித்துவிடுங்கள். மறுநாளுக்கு வைத்தால் பலனில்லை.

கொட்டை கிடைக்காத மாதங்களில் வேப்பெண்ணெய். வளர்ந்த செடிக்கு லிட்டருக்கு 20 மி.லி., நாற்றுக்கு 5 மி.லி. போதும், அதிகமானால் இளம் இலை கருகும். முதலில் நாலைந்து செடியில் அடித்து இரண்டு நாள் பாருங்கள். எண்ணெயைச் சோப்போடு கெட்டியாகக் குழைத்த பிறகே தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் எடுத்துப் பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். வெள்ளையாகவே நின்றால் சரி. மேலே மஞ்சளாக எண்ணெய் வளையம் கட்டினால் கலவை தவறு. பெரும்பாலும் குற்றம் உப்பான போர்த் தண்ணீரில்தான் இருக்கும். அதில் சோப்பு திரிந்துபோகிறது. மழைத் தண்ணீரோ நல்ல தண்ணீரோ எடுங்கள். கடையில் வாங்கும் அசாடிராக்டின் (வேம்பிலுள்ள பூச்சிக்கொல்லிச் சத்து) மருந்தின் செறிவு 10,000 பிபிஎம் என்றால் லிட்டருக்கு 2 மி.லி., 1500 பிபிஎம் என்றால் 5 மி.லி.

மாலை 4 மணிக்கு மேல் அடியுங்கள், வெயில் வேப்பச் சத்தைச் சிதைத்துவிடும். நாசிலை மேல்நோக்கித் திருப்பி, செடியின் அடியிலிருந்து இலையின் கீழ்ப்பக்கம் நனையும்படி அடிக்க வேண்டும். பலன் கிடைக்காமல் போவதற்கு முக்கியக் காரணம், மேலிருந்து மேலாக அடித்துக்கொண்டு போவதுதான். டேங்கை அடிக்கடி குலுக்குங்கள். கந்தகம் அடித்த இரண்டு வாரத்துக்குள் எண்ணெய் அடித்தால் இலை தீய்ந்துவிடும்.

புகையிலைக் கஷாயம் தக்காளிக்கு வேண்டவே வேண்டாம். நிகோட்டின் அடிக்கிறவருக்கு நஞ்சு. அதோடு புகையிலைத் தேமல் வைரஸ் தக்காளிக்கும் தொற்றும்.

ஒரு வாரம் கழித்து நடு இலைகளைத் திருப்பிக் கைலென்ஸால் பாருங்கள். தட்டையாக, இளமஞ்சளாகப் பளபளப்பது உயிருள்ள குஞ்சு. பழுப்பேறிச் சுருங்கியிருந்தால் மருந்து வேலை செய்திருக்கிறது. வெறும் கூட்டில் வட்டத் துளை இருந்தால் குளவி வெளிவந்திருக்கிறது, அந்த வயலில் கடுமையான மருந்து எதுவும் தொடாதீர்கள். ‘டி’ வடிவக் கீறல் இருந்தால் ஈ தப்பிப் பறந்துவிட்டது. அடுத்த தெளிப்பைத் தள்ளிப்போடக் கூடாது.

நாற்றங்காலை 50 மெஷ் (அங்குலத்துக்கு 50 கண்) நைலான் வலையால் மூடி, வரப்பில் துத்திச் செடியைப் பிடுங்கி, நடுவதற்கு முன்பே சுற்றிலும் இரண்டு மூன்று வரிசை மக்காச்சோளம் விதைத்திருந்தால் வேம்பின் பாரம் குறையும். மஞ்சள் ஒட்டுப்பொறி ஏக்கருக்கு ஐந்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஈ ஒட்டத் தொடங்கிய அன்று சாயங்காலமே பருப்பை ஊறவைத்துவிடலாம்.