டைனி கோர் லினக்ஸ்: பூட் ஆகும்போதும் ஆஃப் ஆகும்போதும் உங்கள் கட்டளைகளை ஓட வைக்க

ரேமிலேயே ஓடும் குட்டி லினக்ஸான டைனி கோரில், மற்ற லினக்ஸ்களில் சர்வீஸ்களைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி கிடையாது, சர்வீஸ் ஃபைல் எழுதும் வேலையும் இல்லை. ஆப்ட் டைரக்டரிக்குள் பூட்சிங்க், பூட்லோக்கல், ஷட்டவுன் என்று மூன்று ஷெல் ஸ்கிரிப்டுகள் இருக்கும், மூன்றும் நாம் கைவைப்பதற்கென்றே வைத்தவை.

எதை எதில் எழுதுவது? பூட்சிங்க்கில் இருப்பது முடியும்வரை பூட் நகராது, அதனால் ஹோஸ்ட்நேம் மாதிரி உடனே முடிகிற வேலைகளை மட்டும் அதில் வையுங்கள். அதன் கடைசி வரிதான் பூட்லோக்கலைப் பின்னணியில் கிளப்பிவிடுகிறது, அந்த வரியின் முடிவில் இருக்கும் ஆம்பர்சாண்டை (&) அழித்துவிட வேண்டாம். வேறு மெஷினிலிருந்து உள்ளே நுழைய உதவும் எஸ்எஸ்எச் சர்வரைத் தொடங்குவது, டிஸ்க் மவுண்ட் செய்வது எல்லாம் பூட்லோக்கலுக்கு. இரண்டுமே ரூட்டாக, அதாவது முழு அதிகாரமுள்ள யூசராக ஓடுவதால் சூடோ தேவையில்லை, ஆனால் வழக்கமாக நீங்கள் இருக்கும் டிசி யூசரின் ஹோமில் அவை உருவாக்கும் ஃபைல் ரூட்டுக்குச் சொந்தமாகிவிடும், அப்புறம் அதை நீங்கள் சாதாரணமாக எடிட் செய்ய முடியாது. இன்னொன்று, பூட்லோக்கல் ஓடும் நேரத்தில் நெட்வொர்க் ஐபி வாங்கியிருக்கும் என்று நம்பாதீர்கள். ஐபி வந்ததா என்று பார்த்துப் பார்த்து ஒரு நொடி தூங்கும் சின்ன லூப் போடுங்கள், இத்தனை முறைக்கு மேல் சுற்றாதே என்று வரம்பும் வையுங்கள்.

டெஸ்க்டாப் புரோகிராம்களை இந்த இரண்டிலும் போட்டால் ஓடாது, திரையில் விண்டோக்களைக் காட்டும் எக்ஸ் இன்னும் வந்திருக்காது. ஹோமில் புள்ளியில் தொடங்கும் எக்ஸ்.டி என்ற டைரக்டரிக்குள் ஒரு ஃபைலில் எழுதினால் போதும்.

ஷட்டவுனில் பயனர் கட்டளைகளுக்கான கமெண்ட் வரி இருக்கும், அதற்குக் கீழே எழுதுங்கள். தற்காலிக ஃபைல்களுக்கான டிஎம்பி டைரக்டரியில் இருக்கும் லாக்கை டிஸ்க்குக்கு நகலெடுக்க இது நல்ல இடம், பவரைப் பிடுங்கினால் மட்டும் இது ஓடாது.

இனிதான் முக்கியம். எல்லாம் ரேமில் இருப்பதால் பேக்கப் எடுக்காமல் ரீபூட் செய்தால் எழுதியது அத்தனையும் போய்விடும். எடிட் முடிந்ததும் பேக்கப் எடுக்கும் ஸ்கிரிப்டான ஃபைல்டூலை மைனஸ் பி போட்டு ஓட்டுங்கள். எதையெல்லாம் பேக்கப் எடுப்பது என்ற அதன் பட்டியலில் ஆப்ட்டும் ஹோமும் ஏற்கெனவே உண்டு. எஸ்எஸ்எச் கீகள் இருக்கும் யூஎஸ்ஆர், லோக்கல், இடிசி, எஸ்எஸ்எச் பாதையை நீங்கள்தான் ஃபைல்டூல் பட்டியலில் சேர்க்க வேண்டும், முன்னால் ஸ்லாஷ் இல்லாமல். இல்லையென்றால் ஒவ்வொரு ரீபூட்டுக்கும் புதுக் கீ உருவாகி, கனெக்ட் செய்யும் மெஷின் எச்சரித்துக்கொண்டே இருக்கும்.

பூட்சிங்க்கில் முடிவில்லாத லூப் விழுந்து பூட் தொங்கினால் பயப்பட வேண்டாம், பூட் வரியில் நோரீஸ்டோர் என்று சேர்த்தால் பேக்கப்பைத் தொடாமல் மேலே வந்துவிடும். அந்த நிலையில் மட்டும் பேக்கப் எடுத்துவிடாதீர்கள், பேக்கப் இருக்கும் மைடேட்டா ஃபைல் மேல் காலி ஹோம் எழுதப்பட்டுவிடும். முதலில் அந்த ஃபைலுக்கு ஒரு நகல் எடுத்து, டார் மூலம் ரூட் டைரக்டரியில் விரித்து, பூட்சிங்க்கைத் திருத்தி, பிறகு பேக்கப் எடுங்கள்.